ஓவல் என்ற சொல்லுக்குள் ஒரு முட்டை



இந்த வாரம் ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த சொல்தான்: ஓவல். கண்ணாடிக் கடைக்காரர் "உங்க முகத்துக்கு ஓவல் ஃபிரேம் நல்லா இருக்கும் சார்" என்கிறார். சாப்பாட்டு மேசை வாங்கப் போனால் ஓவல் டேபிள் என்கிறார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அது லண்டனில் உள்ள ஒரு மைதானம். சரி, ஓவல் என்றால் என்ன பொருள் என்று கேட்டால், "நீள்வட்டம் சார்" என்று பதில் வரும். பாதி சரி. மீதிப் பாதியில் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. முட்டைக்கும் நீள்வட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு மாமேதை பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். அதுவரை கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரிய பதிவுதான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில் சொல்லின் வேர். இலத்தீனில் முட்டைக்கு 'ஓவும்' என்று பெயர். அதிலிருந்து 'ஓவாலிஸ்', அதாவது முட்டை போன்றது. அதுவே பிரெஞ்சில் 'ஓவால்' ஆகி, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் 'ஓவல்' என்று வழங்கத் தொடங்கியது. ஆக, ஓவல் டேபிள் என்றால் முட்டை மேசை. ஓவல் முகம் என்றால் முட்டை முகம். அவ்வளவுதான்.

இதே 'ஓவும்' பெற்ற பிள்ளைகள் பலர். டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொல்லும் 'ஓவரி' (சூலகம்) அந்தக் குடும்பம். முட்டை வெளிவருவதைச் சொல்லும் 'ஓவுலேஷன்' அதன் தங்கை. இத்தாலியில் முட்டைக்கு 'வோவோ', ஸ்பெயினில் 'வேவோ', பிரான்ஸில் 'அஃப்' என்பதைப் போல ஒலிக்கும் ஒரு சொல். எல்லாம் அந்த ஒரே இலத்தீன் முட்டையிலிருந்து பொரிந்தவை. கிரேக்கர்கள் முட்டையை 'ஓயோன்' என்றார்கள். ஜெர்மானியர் 'ஐ' என்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மூலமான பழைய சொல், பறவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்திருக்கும் என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். இலத்தீனில் பறவை 'அவிஸ்'. விமானத் துறையை 'ஏவியேஷன்' என்கிறோமே, அது அந்தப் பறவைதான். சமஸ்கிருதத்தில் பறவைக்கு 'வி' என்று ஒரு பழைய பெயர் உண்டு, அதுவும் இதற்குச் சொந்தம். முட்டை முதலா கோழி முதலா என்ற கேள்விக்கு மொழியியலின் பதில் 'பறவைதான் முதல்' என்பது போலிருக்கிறது!

ஆங்கிலத்தின் 'எக்' என்ற சொல்லுக்கும் ஒரு சுவையான கதை உண்டு. அது வடக்கே இருந்து வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல். தெற்கு இங்கிலாந்தில் மக்கள் முட்டைகளை 'ஐரன்' என்று வேறு விதமாகச் சொல்லிவந்தார்கள். இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், 1490இல் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இந்தச் சிக்கலைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் கப்பலேறிய வணிகர்கள், காற்று இல்லாமல் கரையோரம் தங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய் 'எக்' வேண்டும் என்று கேட்கிறார். வீட்டுக்கார அம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிடுகிறார். அவருக்கோ கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! பிறகு வேறொருவர் 'ஐரன்' என்று சொன்னதும்தான் அந்த அம்மாவுக்கு விளங்கியது. ஒரே நாட்டில், ஒரே மொழியில், ஒரு முட்டை வாங்க முடியவில்லை. அச்சடிக்கிற நான் எந்தச் சொல்லைப் போடுவது என்று புலம்புகிறார் காக்ஸ்டன். நம் ஊர் வட்டார வழக்குகளை நினைத்துக்கொண்டால் அவர் கஷ்டம் புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒலி ஒத்துப்போனால் உடனே உறவு கொண்டாடிவிடக் கூடாது. கைதட்டி ஆரவாரம் செய்வதை ஆங்கிலத்தில் 'ஓவேஷன்' என்பார்கள். அதற்கும் முட்டைக்கும் தொடர்பே கிடையாது. இலத்தீனில் 'ஓவாரே' என்றால் மகிழ்ந்து ஆர்ப்பரிப்பது. ரோமில் பெரிய வெற்றிக்கு 'டிரையம்ப்' என்ற பேரணி. அதைவிடச் சின்ன வெற்றிக்கு 'ஓவாசியோ'. அதில் தளபதிக்குத் தேர் கிடையாது, தலையில் மிர்ட்டில் இலை மாலை மட்டும். அந்த மாலைக்கும் 'ஓவாலிஸ்' என்றுதான் பெயர். அதாவது ஒரே எழுத்துகளில் இரண்டு வேறு சொற்கள். பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கே இதில் வேறு விளக்கம் தந்தார். அந்த விழாவில் ஆடு பலியிடுவார்கள், ஆட்டுக்கு இலத்தீனில் 'ஓவிஸ்', ஆகவே ஆட்டிலிருந்து வந்த பெயர் என்பது அவர் கட்சி. இன்றைய மொழியறிஞர்கள் இதை ஏற்பதில்லை.

நம் பக்கமும் இதே ஆபத்து உண்டு. தமிழில் 'ஓவல்' என்றால் ஒழிதல், நீங்குதல். 'ஓவாது' என்றால் இடைவிடாமல் என்று பொருள். 'ஓவம்' என்றால் ஓவியம். இவற்றை வைத்து, 'ஓவல் தமிழிலிருந்து போன சொல்' என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால், தயவுசெய்து எனக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். தமிழின் பெருமைக்கு ஆயிரம் உண்மைச் சான்றுகள் இருக்கின்றன. அடுத்த வீட்டு முட்டையைத் தூக்கிவர வேண்டியதில்லை.

சரி, ரோமாபுரிக்கு வருவோம். ரோமானியர் வாழ்க்கையில் முட்டைக்கு நல்ல இடம். விருந்து முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடியும். ஆகவே 'முட்டையிலிருந்து ஆப்பிள் வரை' என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை என்று பொருள். 'சர்க்கஸ் மாக்சிமஸ்' என்ற பெரிய தேரோட்டக் களத்தில், தேர்கள் எத்தனை சுற்று முடித்தன என்று கூட்டத்துக்குக் காட்டுவதற்காக உயரத்தில் ஏழு முட்டை உருவங்கள் வைத்திருந்தார்கள். இப்போது ஸ்கோர்போர்டு என்கிறோமே, அது அன்று முட்டை வடிவில் இருந்தது. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கம் 189 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம். படத்தில் பார்த்தாலே ஓவல் என்போம். அதைக் கட்டியவர்கள் உண்மையான நீள்வட்டத்தை வரைந்தார்களா, பல வட்ட வில்களை ஒட்டவைத்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இந்த வாதத்தில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. வகுப்பில் சொன்னது நினைவிருக்கும். வட்டத்துக்கு ஒரு மையம். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். நீள்வட்டத்தின் எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதிலிருந்து இரண்டு குவியங்களுக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் ஒரே விடை. இது கறாரான இலக்கணம். ஒரு மயிரிழை பிசகினாலும் அது நீள்வட்டம் இல்லை. ஓவலுக்கு அப்படி ஓர் இலக்கணம் கிடையாது. 'முட்டை மாதிரி' என்றால் எந்த முட்டை மாதிரி? கோழி முட்டைக்கு ஒரு முனை பருமன், மறுமுனை ஒடுக்கம். ஆந்தை முட்டை ஏறக்குறைய உருண்டை. பாறை விளிம்பில் முட்டையிடும் சில கடற்பறவைகளின் முட்டை பம்பரம் போல ஒரு பக்கம் கூர்மை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 1400 பறவை இனங்களின் ஏறத்தாழ 50,000 முட்டைகளை அளந்து பார்த்தார்கள். வடிவங்கள் அத்தனை விதம்! ஆக, ஓவல் என்பது கண்ணுக்கான சொல். நீள்வட்டம் என்பது அளவுகோலுக்கான சொல்.

இந்த இரண்டையும் பெரிய மனிதர்களே குழப்பிக்கொண்டார்கள். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், 1525இல் கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பயன்படட்டும் என்று ஒரு வடிவியல் நூல் எழுதினார். ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் வளைவுக்கு அவர் ஜெர்மன் மொழியில் 'முட்டைக் கோடு' என்று பெயர் வைத்தார். பெயர் மட்டுமா? படத்தையும் முட்டையாகவே வரைந்துவிட்டார், கீழே பருமன், மேலே ஒடுக்கம். கூம்பு மேலே போகப் போக ஒடுங்குகிறது, ஆகவே வெட்டும் மேல்பக்கம் ஒடுங்கத்தானே வேண்டும் என்று தோன்றும். உங்களுக்கும் தோன்றலாம். ஆனால் அப்படி நடப்பதில்லை. இரண்டு முனையும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும்.

நம்பவில்லையா? அடுக்களைக்குப் போய், வாய் அகன்று அடி குறுகிய ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, சிந்தாமல் சற்றுச் சாயுங்கள். டம்ளர் ஒரு கூம்பின் துண்டு. தண்ணீரின் மேற்பரப்பு அதைச் சாய்வாக வெட்டுகிறது. அந்த மேற்பரப்பின் விளிம்பைப் பாருங்கள். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்தா இருக்கிறது? இல்லை. சரியான நீள்வட்டம். காரணம் இதுதான்: கூம்பின் நடு அச்சு அந்த வளைவின் நடுப்புள்ளி வழியாகப் போவதில்லை, சற்றுத் தள்ளிப் போகிறது. அந்தத் தள்ளல்தான் ஒடுக்கத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. டூரர் மாபெரும் கலைஞர். ஆனால் முட்டை என்ற பெயரும் ஒடுங்கும் கூம்பும் சேர்ந்து, அவர் கையையும் முட்டை வரைய வைத்துவிட்டன.

கட்டடக் கலைஞர்கள் வேறு வழி கண்டார்கள். இத்தாலியரான செர்லியோ 1545இல் வெளியிட்ட வடிவியல் நூலில், வெறும் காம்பசை வைத்து ஓவல் வரைய நான்கு முறைகள் சொன்னார். எல்லாமே வட்ட வில்களை ஒட்டிச் செய்தவை. நீள்வட்டம் போலத் தெரியும், ஆனால் நீள்வட்டம் இல்லை. கொத்தனாருக்கு அது போதும். ரோமில் புனித பீட்டர் சதுக்கத்தை பெர்னினி 1656 முதல் 1667 வரை இந்த வகையில்தான் அமைத்தார். 'சதுக்கம்' என்று பெயர், வடிவம் ஓவல்! நான்கு வரிசைகளில் 284 தூண்கள். தரையில் இரண்டு இடங்களில் வட்டக் கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து நான்கு வரிசைத் தூண்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, ஒரே வரிசை போலத் தெரியும். அந்தக் கல் வட்ட வில்லின் மையம், அதனால்தான். உங்களில் யாராவது ரோம் போனால் மறக்காமல் அங்கே நின்று பாருங்கள்.

கட்டடத்தில் போதுமானது வானத்தில் போதவில்லை. இனி அந்த மாமேதையின் கதை.

ஜொஹான்னஸ் கெப்ளர், 1571இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1600இல் பிராக் நகருக்கு அருகே, டைக்கோ பிராகே என்ற வானியலாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். தொலைநோக்கி வராத காலம் அது. வெறும் கண்ணாலும் பெரிய பெரிய கருவிகளாலும் கோள்களின் இடங்களை அதுவரை யாரும் அளக்காத துல்லியத்தில் டைக்கோ அளந்து வைத்திருந்தார். கெப்ளருக்கு ஒதுக்கப்பட்டது செவ்வாய்க் கோள். அடுத்த ஆண்டே டைக்கோ காலமானார். அளவுகள் கெப்ளர் கைக்கு வந்தன.

கோள்கள் வட்டத்தில்தான் சுற்றும் என்பது இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை. சூரியனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கஸ்கூட வட்டத்தை விடவில்லை. கெப்ளரும் வட்டத்தில்தான் தொடங்கினார். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, டைக்கோவின் அளவுகளுக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டார். வித்தியாசம் வெறும் 8 கலை. ஒரு பாகையில் 60 கலை என்பது நினைவிருக்கட்டும். முழு நிலவின் அகலம் சுமார் 30 கலை, அதில் கால்வாசிதான் இந்த 8. வேறு யாராக இருந்தாலும் 'இது போதும்' என்று மூடி வைத்திருப்பார்கள். கெப்ளர் மூடவில்லை. டைக்கோ இவ்வளவு பெரிய பிழை செய்யக்கூடியவர் இல்லை, ஆகவே என் வட்டம்தான் தவறு என்று முடிவு செய்தார். வானியல் முழுவதையும் மாற்றியமைக்க வழி திறந்தது அந்த 8 கலைதான் என்று பின்னால் அவரே எழுதினார்.

வட்டம் இல்லையென்றால் வேறென்ன? அவர் அடுத்துப் பிடித்துக்கொண்டது முட்டையை! ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கிய உண்மையான முட்டை வடிவம். அதன் பரப்பைக் கணக்கிடுவது மகா கஷ்டம், அதற்குச் சூத்திரம் கிடையாது. கணக்கை எளிதாக்க என்ன செய்தார் தெரியுமா? முட்டைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதைப் போல இருக்கிறதே என்று ஒரு நீள்வட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார்! விடை கையிலேயே இருக்கிறது, அதை வெறும் ஏணியாகப் பயன்படுத்துகிறார். 1603இல் நண்பர் டேவிட் ஃபாப்ரீசியஸுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வடிவம் மட்டும் சரியான நீள்வட்டமாக இருந்திருந்தால் எல்லா விடைகளும் ஆர்க்கிமிடீஸ், அப்போலோனியஸ் நூல்களிலேயே கிடைத்திருக்குமே என்று ஏக்கப்படுகிறார். அது நீள்வட்டமேதான் என்று அவருக்குப் புரிய இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

இடையில் லாங்கோமொண்டானஸ் என்ற இன்னொரு வானியலாளர், வட்டத்தை விட்டுவிட்டு முட்டையை உள்ளே கொண்டுவருகிறாயே என்று குறைபட்டார். கெப்ளர் சொன்ன பதிலின் சாரம் இது: முன்னோர் கட்டிய தொழுவம் முழுவதையும் நான் கழுவி விட்டிருக்கிறேன், ஒரே ஒரு வண்டிச் சாணம் மிச்சமிருப்பதற்கா இப்படித் திட்டுகிறீர்கள்? அந்த வண்டிச் சாணம்தான் முட்டை. அதையும் அவரே அள்ளி வெளியேற்றினார். 1605இல், ஈஸ்டர் சமயத்தில், முட்டை போய் நீள்வட்டம் வந்தது. சூரியன் அதன் ஒரு குவியத்தில். 1609இல் 'புதிய வானியல்' என்ற நூலாக வெளியானது. அறிவியல் பாடத்தில் நீங்கள் மனப்பாடம் செய்த கெப்ளரின் முதல் விதி ஒற்றை வரிதான். அந்த வரிக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு.

எவ்வளவு நுட்பமான வேறுபாடு என்று பாருங்கள். நம் பழைய கரும்பலகையில் அரை நெட்டச்சு ஒரு மீட்டர் இருக்குமாறு செவ்வாயின் பாதையை வரைந்தால், அரைக் குற்றச்சு அதைவிட வெறும் நான்கு மில்லிமீட்டர்தான் குறையும். ஒரு சாக்பீஸின் தடிமன்கூட இல்லை! ஆனால் சூரியன் மையத்திலிருந்து 9 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். நம் பூமியின் பாதையை அதே அளவில் வரைந்தால் குறைவு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே அது காணாமல் போய்விடும். இதைத்தான் ஒரு மனிதர் எண்களை மட்டும் வைத்துப் பிடித்தார்.

'எலிப்ஸ்' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். கி.மு. 200 வாக்கில் கிரேக்கக் கணித மேதை அப்போலோனியஸ் வைத்த பெயர். 'குறைபடுதல்' என்று பொருள். ஒரு பரப்பை இன்னொன்றோடு ஒப்பிடும்போது குறைந்து நிற்பதால் அந்தப் பெயர். வாக்கியத்தில் சொல்லாமல் விட்டதைக் காட்ட மூன்று புள்ளி வைக்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் 'எலிப்சிஸ்'. இரண்டும் ஒரே சொல்தான். ஓவல் என்ற பெயர் எதைப் போல இருக்கிறது என்று சொல்கிறது. எலிப்ஸ் என்ற பெயர் எப்படி அளப்பது என்று சொல்கிறது.

இதனால் ஓவல் மட்டமான சொல் என்று நினைத்துவிடாதீர்கள். இலக்கணம் வகுத்துக்கொண்டால் அதுவும் கூர்மையாகும். தாவரவியலில் காம்புப் பக்கம் அகன்ற இலையை 'ஓவேட்' என்பார்கள், செம்பருத்தி இலை போல. நுனிப்பக்கம் அகன்றால் 'ஆபோவேட்', நாட்டு வாதுமை இலை போல. முட்டையை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்கள், குழப்பம் தீர்ந்தது. மருத்துவத்தில் 'ஃபோராமென் ஓவாலே', முட்டை வடிவத் துளை என்று ஒன்று. கருவில் இருக்கும் குழந்தையின் இதயத்தில் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கும். குழந்தை பிறந்து மூச்சு விட்ட பிறகு மூடிக்கொள்ளும். நால்வரில் ஒருவருக்கு அது முழுதாக மூடாமலே இருக்கும், பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் தராது.

கிரிக்கெட் ரசிகர்களுக்காக ஒரு பத்தி. லண்டன் கென்னிங்டனில் காய்கறித் தோட்டமாக இருந்த இடம் 1845இல் மைதானமானது. சுற்றியிருந்த சாலையின் முட்டை வடிவத்தால் 'ஓவல்'. இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ட் 1880இல் அங்கேதான் நடந்தது. 1971 ஆகஸ்ட் 24 அன்று வடேகர் தலைமையில் இந்தியா இங்கிலாந்தில் தன் முதல் டெஸ்ட் வெற்றியை, தொடர் வெற்றியோடு சேர்த்து, அங்கேதான் பெற்றது. சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். நம் சென்னை வெங்கட்ராகவனும் அந்த அணியில் ஆடினார். அதே விளையாட்டில் பூஜ்யத்தில் அவுட் ஆனால் 'டக்' என்கிறோம். அது 'வாத்து முட்டை' என்பதன் சுருக்கம். நம் பிள்ளைகள் "கணக்குல முட்டை வாங்கிட்டான்" என்று சொல்வதும் அதே கற்பனை. டென்னிஸில் பூஜ்யத்துக்கு 'லவ்' என்பது பிரெஞ்சு முட்டையிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள், அதற்கு உறுதியான சான்று கிடையாது.

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் முட்டைக்கு 'அண்டம்'. முட்டையில் பிறப்பவை 'அண்டசம்'. சாஞ்சி ஸ்தூபியின் பெரிய அரைக்கோளத்துக்கும் அண்டம் என்றுதான் பெயர். உலகமே ஒரு முட்டையிலிருந்து விரிந்தது என்ற பழைய கற்பனையில், அந்த முட்டை 'பிரம்மாண்டம்', பிரம்மனின் முட்டை. தமிழில் அண்டம் என்றால் இன்று பேரண்டம்தான் நினைவுக்கு வருகிறது, முட்டை மறந்துவிட்டது. சினிமா விளம்பரத்தில் 'பிரம்மாண்டமான செட்' என்று போடும்போது அங்கே ஒரு முட்டை இருப்பது யாருக்கும் தெரியாது. ரோமானியர் முட்டையிலிருந்து ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். இங்கே முட்டையிலிருந்து ஓர் உலகத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்ப் பாடநூல் எலிப்ஸுக்கு 'நீள்வட்டம்' என்று அழகான சொல்லைத் தருகிறது. ஒரே ஒரு ஆபத்து. 'நீள்' என்றவுடன் பிள்ளைகள் நன்றாக நீண்ட ஒரு வடிவத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பாடநூல் படமும் இடம் போதாமல் பூமியின் பாதையைச் சப்பையாக, முட்டை போல வரைந்து காட்டுகிறது. அதைப் பார்த்த பிள்ளை என்ன நினைக்கும்? பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர் என்று நினைக்கும். நன்றாகப் படித்த பெரியவர்கள் பலரும் இன்றுவரை இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிப் பனியில் நீங்கள் வாசலில் கோலம் போடும் நாட்களில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவு, சுமார் 15.2 கோடி. கோடையும் குளிரும் வருவது பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால். பாதை ஏறக்குறைய வட்டம். படத்தில் இருக்கும் முட்டை, வரைந்தவர் தந்தது.

நிஜமாகவே நீண்ட பாதை பார்க்க வேண்டுமா? 2014 செப்டம்பர் 24 அன்று நம் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய பாதையைப் பாருங்கள். அருகில் வரும்போது சுமார் 420 கிலோமீட்டர், தள்ளிப் போகும்போது சுமார் 77,000 கிலோமீட்டர். கெப்ளர் முட்டையோடு மல்லுக்கட்டிய அதே செவ்வாய். அந்தத் திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன், நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த விடுமுறையில் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, நூலின் இரு முனைகளையும் ஆணிகளில் தளர்வாகக் கட்டி, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்தபடி சுற்றி வரையட்டும். நீள்வட்டம் வரும். பக்கத்தில் ஒரு கோழி முட்டையைப் படுக்கவைத்து அதன் ஓரத்தையும் வரையட்டும். இரண்டையும் வெட்டி, குறுக்காக மடித்து, முனையோடு முனை பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். நீள்வட்டம் பொருந்தும், முட்டை பொருந்தாது. பிறகு ஆணிகளை மிக அருகில் அடித்து இன்னொன்று வரைந்து, இதுதான் பூமியின் பாதை என்று சொல்லுங்கள். "இது வட்டம் மாதிரி இருக்கே" என்று பிள்ளை கேட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

முட்டையை அப்புறம் ஆம்லெட் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்